நீலிக்காட்டுப் பாடகி சொன்ன காரணம்

ஒன்று விழுந்தால், அதைத் தள்ளிவிட்டவர் என்று ஒருவர் இருந்தே ஆக வேண்டுமா? மலையில் மண் சரிந்தால் முதல் நாள் மழையைத் திட்டுகிறோம். மறுநாள் மேட்டில் மரம் வெட்டியவனைத் தேடுகிறோம். தேடுவது நியாயம்தான். ஆனால் யாரும் வெட்டாத மேடும் சரிவதுண்டு. அப்போது யாரிடம் போய்க் கேட்பது? நெல்லியாளத்துக்கு மேலே நீலிக்காடு எஸ்டேட்டில் கொழுந்து பறித்த ராஜகுமாரியின் வாழ்க்கையை நினைத்தால் இந்தக் கேள்வியில்தான் போய் முட்ட வேண்டியிருக்கிறது.

அவளைப் பார்க்கிறவர்களுக்கு அப்படியொன்றும் தோன்றாது. தலையில் கட்டிய துண்டு, இடுப்பில் சுற்றிய சாக்கு, தேயிலைக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கி, இந்த மலையில் மறுபடியும் தேயிலைக்கே வந்து சேர்ந்தவர்கள். அவள் பிறந்தது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஆறாம் நம்பர் லயத்தில். கல்யாணமாகிப் போனது எட்டாம் நம்பர் லயத்துக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு குழாயடியும் ஒரு மாரியம்மன் கோயிலும் இருந்தன. அவ்வளவு தூரம்தான் அவள் வாழ்க்கை நகர்ந்தது என்று சொல்லிவிடலாம். இடையில் சில வருடங்கள் அவள் ஒரு ராக் இசைக்குழுவில் பாடினாள் என்பதை விட்டுவிட்டால்.

குழுவை ஆரம்பித்தவன் ஜீவா. அவன் அப்பா பங்களா காவல்காரர். உதவி மேனேஜராக இருந்த ஒரு சின்னத்துரை வேலையை விட்டுப் போகும்போது வேண்டாம் என்று ஒதுக்கிய சாமான்களில் ஒரு எலக்ட்ரிக் கிட்டாரும் ஒரு பெட்டி கேசட்டும் இருந்தன. அந்தக் கேசட்டுகளில் இருந்த பாட்டுகளின் அர்த்தம் ஜீவாவுக்குத் தெரியாது. ஆனால் அவற்றின் கோபம் புரிந்தது. அந்தக் கோபத்தைத் தமிழில் பாடினால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. சுரேஷ் பேஸ் கிட்டார் பழகினான். கூடலூர் சர்ச்சில் புதியது வாங்கியதும் தள்ளிவைத்த பழைய டிரம் செட்டைக் கெஞ்சி வாங்கிவந்தவன் இருளப்பன். ராஜகுமாரியைக் கூட்டிவந்ததும் இருளப்பன்தான். பின்னாளில் அவளைக் கட்டிக்கொண்டவனும் அவனே.

அவளுடைய குரல் இனிமையான குரல் அல்ல. ஒரு சரிவில் நின்றுகொண்டு எதிர்ச்சரிவில் பறிப்பவளைக் கூப்பிடப் பழகிய குரல். பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகும். மைக்கில் பாடச் சொன்னபோதும் அவள் அப்படியே கூப்பிட்டாள். ஜீவா கிட்டாரை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தான்.

"யாருடா இவ, மைக்கே வேணாங்கறா!"

"வேணாம்னா போயிடவா?" என்றாள் ராஜகுமாரி.

"போயிடாத தாயி. மைக்குதான் போகணும்."

குழு பழகியது தேயிலை ஃபேக்டரியின் மேல்மாடியில். பச்சை இலையைத் தொட்டிகளில் பரப்பி வாடவிடும் இடம் அது. தோட்டத்தில் எல்லோரும் அதை லாஃப்ட் என்பார்கள். பெரிய மரத்தளம், வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள். இருளப்பனுக்கு வேலையே அங்குதான். ஃபேக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் முத்துவேல் மூன்று நிபந்தனை போட்டுத்தான் இடம் கொடுத்தார். செருப்புப் போட்டு ஏறக்கூடாது. அவர் குரல் கொடுத்தால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு நான்கு பேரும் இலையைப் புரட்ட வேண்டும். மேனேஜரான பெரிய துரையின் ஜீப் சத்தம் கேட்டால் மூச்சுக்கூட விடக்கூடாது.

"உங்க கத்தலுக்கு இலை சீக்கிரமா வாடிருதுடா. பயந்துபோய்" என்பார் முத்துவேல். ஆனால் படிக்கட்டில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் கீழே இறங்குவார்.

அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரும் லாஃப்ட் என்பதுதான். பாட்டுகளை ஜீவா எழுதினான். எல்லாம் நல்ல பாட்டுகள் என்று சொல்லிவிட முடியாது. பாதிக்கு மேல் வெறும் ஆவேசம். ஆனால் அட்டையைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது. "அட்டையே அட்டையே, எந்த லயத்து ரத்தம் உனக்கு ருசி?" என்று தொடங்கும். அதை ராஜகுமாரி பாடும்போது கேட்பவர்கள் தங்களை அறியாமல் கணுக்காலைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். ஒரு பாட்டுக்கு அது போதும்.

அப்போது தேயிலைக்கு நல்ல விலை இருந்தது. வெளியார் தோட்டத்து இலையும் வந்து குவிந்ததால் ஃபேக்டரி ஞாயிற்றுக்கிழமையும் ஓடியது. கீழே இலையை உருட்டிக் கசக்கும் ரோலர்கள் சுற்றிச் சுற்றி வர, மேலே மரத்தளம் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வுக்கு மேலேதான் அவர்கள் வெறுங்காலோடு நின்று வாசித்தார்கள். திருவிழா வந்தால் ஃபேக்டரி வாசலிலேயே மேடை போடுவார்கள். சுற்றுப்பட்டுத் தோட்டத்து ஜனமெல்லாம் கூடும். ஒரு கோடையில் ஊட்டியில் மேடை கிடைத்தது. பலகை மேடை. பின்னாலேயே ஜெனரேட்டர் லாரி நின்றது. சுற்றுலா வந்த கல்லூரிப் பிள்ளைகள் பாட்டு முடிந்த பிறகும் கலையாமல் நின்று கத்தினார்கள். யாரோ அதை டேப்பில் பதிவு செய்தார்கள். இருளப்பன் தன் வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை. அன்று அவனுக்குக் கைகள் இருப்பதே தெரியவில்லை.

அந்த டேப்பைக் கேட்டுத்தான் கோயம்புத்தூரிலிருந்து வெள்ளியங்கிரி என்பவர் ஆள் அனுப்பினார். கேசட் போடுகிறவர், சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருப்பவர்.

ஸ்டுடியோவை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. தரையில் கனத்த கம்பளம். சுவரில் மெத்தை மாதிரி ஏதோ அடித்திருந்தார்கள். கதவைச் சாத்தியதும் காதில் பஞ்சு வைத்ததுபோல் ஆகிவிட்டது. இருளப்பனுக்கு ஏதோ கிணற்றுக்குள் இறங்கியது போலிருந்தது. குச்சிகளைத் தட்டித் தொடங்கினான். இரண்டாவது அடி முடிவதற்குள் ஜீவா முன்னால் ஓடிவிட்டான். அவனைப் பிடிக்க இருளப்பன் ஓடினான். சுரேஷ் இரண்டு பேருக்கும் நடுவில் எங்கேயோ தொலைந்துபோனான். மறுபடி தொடங்கினார்கள். மறுபடியும் அதே.

"ஏனுங்க தம்பி, ஆளாளுக்கு ஒரு ஊருக்குப் போறீங்க. ஒரே பஸ்ஸுல ஏறுங்க" என்றார் வெள்ளியங்கிரி. முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மத்தியானம் வரை முயன்றார்கள். அவர் சிரிப்பை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. வியர்வையில் குச்சி வழுக்க, இருளப்பன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். இவை யாருடைய கைகள்? ஊட்டியில் வாசித்தவை எங்கே போயின? ஒன்றை மட்டும் அவன் கவனித்தான். ராஜகுமாரி தவறவில்லை. மூன்று பேரும் மூன்று திசையில் சிதறியபோதும் அவள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, தன் கணக்கில் நேராகப் போய்ப் பாட்டை முடித்தாள். எதைப் பிடித்துக்கொண்டு போனாள் என்பது அவனுக்கு விளங்கவில்லை.

சாமான்களைக் கட்டி இறக்கிவிட்டு, மறந்துவிட்ட டிரம் பெடலை எடுக்க அவன் மாடிப்படி ஏறினான். உள்ளே பேச்சுக் குரல் கேட்டதும் பாதிப் படியில் நின்றான்.

"கண்ணு, நான் மறைச்சுப் பேசறவன் இல்லீங்க. அந்தப் பசங்களுக்கு ஆகாது. நீ மட்டும் இரு. வாசிக்க எங்க ஆளுங்க இருக்காங்க. தங்க எங்க ஊட்டுலயே இடம் இருக்குது, என் சம்சாரம் பாத்துக்குவா. வார தை மாசம் கேசட் வெளிய வந்துரும்."

பிறகு ராஜகுமாரியின் குரல்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க சார். கீழ காத்துக்கிட்டிருக்காங்க."

"யோசிச்சுச் சொல்லு கண்ணு. இப்பவே சொல்லோணும்னு இல்ல."

"சொல்லிட்டனுங்களே."

இருளப்பன் சத்தமில்லாமல் இறங்கி வெளியே வந்துவிட்டான். பெடல் அங்கேயே கிடந்தது. அவள் வந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இதைப் பற்றி ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. கேட்டேன் என்று அவனும் சொல்லவில்லை. அவள் தங்கியிருந்தால் ஒருவேளை வெறுத்திருப்பான். தங்காமல் வந்தவளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அன்று இரவு ஊட்டி தாண்டி நடுவட்டத்தில் பஸ் டீக்கு நின்றது. டிரைவர் எஞ்சினை அணைக்காமல் இறங்கிப் போனார். யாருக்கும் இறங்க மனமில்லை. இருளப்பன் முன் சீட்டுக் கம்பியில் அட்டைப் பாட்டைத் தன்னையறியாமல் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஜீவா முழங்காலில் தட்டினான். இரண்டும் ஒட்டிப்பிறந்தது போல் ஒன்றாகப் போயின. ஜீவா திடீரென்று நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தான். பஸ்ஸின் தரை அதிர்ந்துகொண்டிருந்தது.

"டேய் இருளா. தட்டு, நிறுத்தாத."

டிரைவர் வந்து ஏதோ ஞாபகத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடியும் கடைக்குப் போனார். தரை செத்தது. நான்கு தட்டுக்குள் விரல் தடுமாறியது.

"ரோலர்டா" என்றான் ஜீவா. "நாம வாசிக்கலடா. இத்தன வருசமா ரோலருதான் வாசிச்சிருக்கு. நாம அதும்மேல ஏறி ஒக்காந்துக்கிட்டு வந்திருக்கோம்."

சுரேஷ் சிரிக்க முயன்றான். முடியவில்லை. ஊட்டியில் பலகை மேடைக்குப் பின்னால் நின்ற ஜெனரேட்டர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. ஒருவன் தன் காலில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு சுலபம். தரை நிற்கும்வரை அது தெரிவதில்லை.

"ஆறு மாசம்" என்றான் ஜீவா. "எங்க வீட்டு மண் தரையில ஒக்காந்து முதல்லருந்து பழகுவோம். ஆறு மாசத்துல இவனுக்குக் காலு வந்துரும்."

டிரம் வாசிக்கிறவன்தான் மற்றவர்களுக்குக் காலம் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஆகவே "இவனுக்கு" என்று ஜீவா சொன்னதில் தவறில்லை. அவன் குத்திச் சொல்லவும் இல்லை. ஆனால் அந்தச் சொல் இருளப்பனுக்குள் முள்ளாகத் தைத்தது. கடைசிவரை அதை எடுக்க முடியவில்லை.

ஆறு மாதம் கிடைக்கவில்லை. இலை விலை சரியத் தொடங்கியது அப்போதுதான். முதலில் வெளி இலை வருவது நின்றது. பிறகு ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடியது. சம்பளம் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போனது. ஒரு நாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போன ஜனம் பேர் கூப்பிட ஆளில்லாமல் வெயில் ஏறும்வரை நின்றது. பெரிய துரை முந்தின நாளே குடும்பத்தோடு இறங்கிப் போய்விட்டார் என்று அப்புறம்தான் தெரிந்தது. லயங்களுக்குக் கரண்டு ஃபேக்டரி லைனிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கம்பெனி கட்டவில்லை என்று அதையும் வெட்டிவிட்டார்கள்.

கரண்டு இல்லாத எலக்ட்ரிக் கிட்டாரைப் போல அநாதையான பொருள் உலகத்தில் குறைவு. கடைசியாக ஒரு முறை, இலை இல்லாத லாஃப்டில், நால்வரும் கூடினார்கள். ஜீவா கம்பியைச் சுண்டினால் தகரத்தில் எறும்பு ஊர்வது போல ஒரு சத்தம். சுரேஷ் வாசிப்பது அவனுக்கே கேட்கவில்லை. இருளப்பன் அடித்தால் இரண்டும் மூழ்கின. அவன் அடியை மெதுவாக்கி மெதுவாக்கி, கடைசியில் குச்சியை மடியில் வைத்துக்கொண்டான். ராஜகுமாரி மட்டும் பாடினாள். மைக் இல்லாமல், காலியான தொட்டிகளுக்கு நடுவே. யாரும் சண்டை போடவில்லை. யாரும் "இதோடு முடிந்தது" என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றுதான் இறங்கினார்கள்.

சுரேஷ் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். பின்னாலேயே ஜீவாவும் போனான். தோட்டத்தில் மிஞ்சியவர்கள் தேயிலைக் காட்டைப் பங்கு பிரித்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பறித்து இலை வாங்கும் ஏஜெண்டுக்குப் போட்டார்கள். இருளப்பனும் ராஜகுமாரியும் கல்யாணம் செய்துகொண்டது அந்தக் காலத்தில்தான். ஓடு உடைந்தால் மாற்ற ஆளில்லை. யாருக்காவது முடியாமல் போனால் தோட்டத்து ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது.

ஜீவா திருப்பூரில் மஞ்சள் காமாலை வந்து செத்துப்போனான். காமாலை என்றதும் ஊர் முடிவு கட்டிவிட்டது.

"குடிச்சிருப்பான். பாட்டுக்காரன் வேற" என்று குழாயடியில் ஒருத்தி சொல்லப்போக, ஜீவாவின் அம்மா சின்னம்மை குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் கொண்டையைப் பிடித்துவிட்டாள்.

"என் பொடியன் வாயில ஒரு சொட்டு ஊத்தி நீ பாத்தியா? பாத்தியாடி? தலைமன்னாருல கப்பல் ஏறுறப்ப எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் வந்தேன். இவன் ஒருத்தன்தான் இந்த மண்ணுல எனக்குக் கெடச்சது. அவன் பேரையும் விட்டுக்குடுக்க என்னால ஏலாது!"

அதற்குப் பிறகு அவள் எதிரில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. முதுகுக்குப் பின்னால் அது ஓயவும் இல்லை. கிழவிக்குக் கண் மங்கியதும் ராஜகுமாரிதான் தினமும் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஜீவாவின் சின்ன வயதுக் கதைகளைக் கேட்பாள். ஒரே கதையை எத்தனை முறை சொன்னாலும் புதிதாகக் கேட்பவள்போல் "அப்புறம் அத்த?" என்பாள்.

படம் எடுக்கக் கீர்த்திவாசன் வந்தது இந்த நிலைமையில். கோயம்புத்தூர்ப் பையன், சினிமா படித்தவன். ஊட்டியில் பதிவான அந்த டேப்பின் நகல் எப்படியோ அவன் கைக்குப் போயிருந்தது. தோட்டத்து லயத்திலிருந்து கிளம்பி, ஏறி, விழுந்த ஒரு ராக் குழுவைப் பற்றி ஒரு படம். டெல்லியில் காட்டுவார்கள், வெளிநாட்டிலும் காட்டுவார்கள் என்றான். பொய் சொல்கிறவனாகத் தெரியவில்லை. டேப்பை அவன் போட்டுக் காட்டியபோது இருளப்பன் தன் பழைய கைகளைக் கேட்டான். அழுகை வந்துவிட்டது. இப்படி ஒன்று இருந்தது என்று நான்கு பேருக்குத் தெரிந்தால் போதும், அதற்கு மேல் அவனுக்கு ஆசை இல்லை. அந்த ஆசைதான் அவனைப் பிடித்துக்கொண்டது.

ஏறிய கதையை ஒரு வாரத்தில் எடுத்துவிட்டார்கள். விழுந்த கதையில் வந்து நின்றது.

"ஏனுங்கண்ணா, எலை வெல விழுந்துச்சு, கரண்டு போச்சு, அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதாங்க தம்பி."

"அது செய்திங்கண்ணா. பேப்பர்லயே வந்துருச்சு. மனுசன் விழுந்தாத்தான் படம். உங்களுக்குள்ள ஒண்ணுமே நடக்கலீங்களா? சண்ட, பொறாம, எதாச்சும்?"

நடந்தது ஒன்று உண்டு என்று இருளப்பனுக்குத் தெரியும். ஸ்டுடியோவில் அவன் கை தவறியது. அதை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. படத்தில் அதைச் சொன்னால், அந்த டேப்பில் கேட்கும் கைகளும் பொய்யாகிவிடும்.

"திருப்பூர்ல சுரேஷ் அண்ணனப் பாத்தேன்" என்றான் கீர்த்திவாசன். "ஜீவா அண்ணன் குடியில இறங்கிட்டாரு, அதுல எல்லாம் ஒடஞ்சுதுன்னு சொன்னாருங்க. நெசங்களா?"

பொய் என்று இருளப்பனுக்குத் தெரியும். சுரேஷ் ஏன் அப்படிச் சொன்னான் என்பதும் தெரியும். சுரேஷும் அந்த ஸ்டுடியோவில் இருந்தவன்தான். பழியைச் செத்தவன் மேல் ஏற்றினால் உயிரோடிருக்கும் இரண்டு பேருக்கு இறங்கிவிடும்.

"கொஞ்சம் உண்டுங்க" என்றான். அவன் வாய்தான் சொன்னது.

"நாளைக்கு அதக் கேமராவுல சொல்லிருவீங்களா?"

"சொல்றனுங்க."

வீட்டுக்கு வந்தபோது ராஜகுமாரி வாசல் வெளிச்சத்தில் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னான். சுளகிலிருந்து அவள் தலையை எடுக்கவில்லை.

"அத்தைக்குப் படம் போட்டுக் காட்டுவாங்களா?"

"பந்தலூர்ல மண்டபம் புடிச்சு எல்லாருக்கும் போடுவாங்களாம். தோட்டத்து ஆளுக பூராத்தையும் ஜீப்புல கூட்டிட்டுப் போறாங்களாம்."

"ம்."

"குடிச்சாலும் செத்தான், குடிக்காட்டியும் செத்தான். அவனுக்கு என்ன இருக்கு இனிமே?"

அவள் ஒரு கல்லை எடுத்து வாசலில் போட்டாள். அது பதிலா, வேலையா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் கேமராவை லாஃப்டில் வைத்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடிகள் பாதிக்கு மேல் இல்லை. தொட்டிகளை யாரோ இரும்புக்குக் கழற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். இருளப்பனை உட்காரச் சொன்னபோது ராஜகுமாரி முன்னால் வந்தாள். "நான் மொதல்ல சொல்லிடறேன். எனக்குக் காட்டுல வேலை கெடக்கு."

நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஜீவா அண்ணன் குடிச்சதாலதான் குழு ஒடஞ்சதா சொல்றாங்கக்கா" என்று தொடங்கினான் கீர்த்திவாசன்.

"யாரு, அதுவா? டீயே ரெண்டாவது கிளாஸ் வாங்காது." அவள் லேசாகச் சிரித்தாள். பிறகு கேமராவை நேராகப் பார்த்தாள். "ஒடச்சது நான்தாங்க. கோயமுத்தூர்ல என்னய மட்டும் பாடக் கூப்பிட்டாங்க. இவங்களுக்குத் தெரியாம சரின்னுட்டேன். எனக்கு மட்டும் பேரு வந்தாப் போதும்னு இருந்துச்சு. அது இவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் யாரு சேந்து வாசிப்பா? அந்த ஏக்கத்துலதான் ஜீவா அண்ணன் ஊரை விட்டே போச்சு."

"அப்புறம் ஏனுங்கக்கா நீங்க போகல?"

"அந்தக் கோயமுத்தூர்க்காரங்களுக்கும் நான் வேண்டாதவளாப் போயிட்டேன்."

கீர்த்திவாசனின் முகத்தில், தேடியது கிடைத்தவனின் வெளிச்சம் வந்தது. திரும்பி இருளப்பனைப் பார்த்தான். "அண்ணா, இது நெசங்களா?"

பாதிப் படியில் நின்று கேட்ட குரல் இருளப்பனின் காதில் இருந்தது. சொல்லிட்டனுங்களே. அதை இப்போது சொல்ல வேண்டுமென்றால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். பஸ்ஸின் தரையை, ரோலரை, தன் விரல்களை. ராஜகுமாரி அவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பான் என்று அவன் பிற்பாடு நினைத்துக்கொண்டான். அது வெறும் நினைப்புதான்.

"அவ சொல்றதுதாங்க சரி" என்றான்.

படம் நன்றாக வந்திருந்ததாகச் சொன்னார்கள். முதல் பாதியில் பனியும் பாட்டும். இரண்டாம் பாதியில் ராஜகுமாரி. பந்தலூர் மண்டபத்தில் அட்டைப் பாட்டு ஒலித்தபோது ஜனம் கைதட்டியது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து பேசத் தொடங்கியதும் மண்டபம் அடங்கியது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அடிப்பாவி, நாலு பேரு பொழப்பக் கெடுத்துட்டு எப்படி ஒக்காந்திருக்கா பாரு" என்றது. சின்னம்மைக்குப் படம் சரியாகத் தெரியாது. ஆனால் காது நன்றாகக் கேட்டது.

மறுநாள் மத்தியானம் ராஜகுமாரி வழக்கம்போல் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இருளப்பனும் கூடவே போனான். என்ன ஆகும் என்று அவனுக்குப் பயமாக இருந்தது. சின்னம்மை வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தத்திலேயே ஆளைத் தெரிந்துகொண்டாள்.

"இருளப்பனும் வந்திருக்கானா? நல்லது. அவனும் கேக்கட்டும்." கிழவியின் குரலில் அவன் பயந்த கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. "இந்தா பாரு குமாரி. படத்துல என்னென்னமோ சொல்லச் சொல்லுவாங்க. அது எனக்கும் தெரியும். இங்க கேமரா இல்ல, தொரை இல்ல, யாரும் இல்ல. இத்தன வருசம் உன் கையால சோறு தின்னவ கேக்குறேன். நீ அப்படிச் செய்யலன்னு ஒரு வார்த்தை சொல்லு. நம்பிக்கிறேன்."

இருளப்பன் ராஜகுமாரியைப் பார்த்தான். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் கிழவிக்கும் பாரம் இறங்கும், இவளுக்கும் இறங்கும். அப்படியென்றால் குழு எதனால்தான் உடைந்தது என்று அதற்குப் பிறகு வரும் கேள்விக்குத் தான் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றியது. ஆனால் ஓர் எட்டுப் பின்னால் தள்ளி நின்றுகொண்டான்.

ராஜகுமாரி தூக்கைப் படியில் வைத்தாள். குனிந்து, கிழவியின் காதருகில், தெளிவாகச் சொன்னாள்.

"செஞ்சேன் அத்த."